ஆள் கணக்கு

திரையில் ஒரு மூளை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் முன்பக்கம் மட்டும் சிவப்பு, அந்தச் சிவப்புக்கு ஓர் அம்புக்குறி, அம்புக்குறியின் வால் பக்கத்தில் 'கவனம்' என்று எழுதியிருந்தது. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்க இந்த ஒரு சொல் மட்டும் எதற்குத் தமிழில் என்று மருதாசலம் யோசித்தார், யோசித்தவுடனே ஜெசிந்தா டீச்சருக்காக இருக்கும் என்று பட்டது, பட்டவுடனே டீச்சர் பக்கம் பார்த்தார். டீச்சர் கைப்பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து, பள்ளி ஆண்டு விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரைப்போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழு இது. மனிதர்களை வைத்து இந்தக் கல்லூரியில் எந்த ஆராய்ச்சி நடப்பதானாலும் முதலில் இந்த நீள்வட்ட மேசையைத் தாண்டியாக வேண்டும். மேசையைச் சுற்றிச் சில டாக்டர்கள், பொதுமக்களில் ஒருவராக ஓய்வுபெற்ற ஜெசிந்தா டீச்சர், சமூக அறிவியலுக்கு ஒருவராக மருதாசலம். வக்கீலுக்கும் ஒரு நாற்காலி உண்டு, இன்றைக்கு அது காலி. தாண்டுவதற்காக இன்று வந்திருப்பது ஒரு பட்டை. நெற்றியில் கட்டிக்கொள்வது, இளம் ஊதா நிறம், பெண்பிள்ளைகள் தலைமுடிக்குப் போடும் வளையத்தை அகலமாக்கியதுபோல. நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்கு அதைக் கட்டினால், மனம் வேலையை விட்டு நழுவும்போது அது கண்டுபிடித்துவிடுமாம்; தோலுக்கடியில் எறும்பு ஊர்வதுபோல ஒரு மெல்லிய மின்சாரத்தை விட்டு, மனத்தைத் திரும்ப நூலுக்கே கூட்டிவந்துவிடுமாம். டாக்டர் நிரஞ்சன் அதைச் சொல்லும்போது கூட்டிவருகிற மாதிரியே கையைக் காட்டினார், தொலைந்த கன்றுக்குட்டியைக் கயிற்றைப் பிடித்து இழுத்து வருகிற மாதிரி. நல்ல பையன், படித்த பையன், அடாவடி இல்லாத குரல். அந்தக் குரலைத்தான் எதிர்க்க வேண்டியிருக்கிறது. மருதாசலம் எதிர்ப்பதற்கென்றே வந்திருந்தார். காலையில் குளிக்கும்போது இரண்டு வாக்கியங்களைத் தயார் செய்திருந்தார், உக்கடம் சிக்னலில் நின்றபோது அவற்றை உதடு அசையத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், பக்கத்து ஸ்கூட்டர்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இப்போது இரண்டாவது வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஏ.சி.யின் காற்று பின்கழுத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. முதல் வாக்கியம் இருக்கிறது, 'இந்தப் பெண்கள் நோயாளிகள் அல்ல' என்பது. இரண்டாவதுதான் வலுவானது. அது 'ஆகவே' என்று தொடங்கும்.

இந்த மேசையில் எதிர்ப்பதற்கென்று ஒரு நேரம் உண்டு, மிகச் சின்ன நேரம். பேச வந்தவர் பேசி முடித்ததும் டாக்டர்கள் மருந்தளவு, காப்பீடு என்று ஏதாவது கேட்பார்கள், கேட்டதற்கு அடையாளமாகத் தலையாட்டுவார்கள். பிறகு தலைவர் பத்மநாபன் கோப்பை மூடுவார். மூடும்போதே 'ஆட்சேபணை?' என்பார். அது கேள்விபோலவே இருக்காது. சாப்பிட்டு எழுந்திருக்கிறவர் இலையை மடித்தபடி 'போதும்' என்று சொல்வதுபோல இருக்கும். யாரும் பேசாவிட்டால் ஒருமனதாக நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். பேசாமல் இருப்பதுதான் இங்கே சம்மதம். குழுவின் செயலாளர் டாக்டர் சுகந்தி 'ஒருமனதாக' என்பதை முன்னாலேயே மடிக்கணினியில் அடித்து வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வருவார், அதில் கள்ளத்தனம் எதுவும் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்பதுதான். ஆகவே அந்தச் சின்ன நேரத்தைத் தவறவிடக் கூடாது. கோப்பு மூடுகிற சத்தத்துக்கு முன்னால் வாயைத் திறந்துவிட வேண்டும். அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார், கவனிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், நிரஞ்சன் 'பேஸ்லைன்' என்று சொன்னதைக் கவனித்தார், அதற்கடுத்துச் சொன்னதையும் கவனித்தார், அதற்கடுத்து நிரஞ்சனின் காலணி அந்த நீலச் சட்டைக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்பதைக் கவனித்தார், அங்கிருந்து அப்படியே வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போனார்.

போனது தன் ஆய்வு வழிகாட்டியின் அறைக்கு. அங்கேயும் இதேபோல ஒரு மதியம், இதேபோலச் சாப்பாட்டுக்குப் பிறகான மந்தம். சமூகவியலில் உடன் படித்தவர்கள் சாதி, நிலம், இடப்பெயர்வு என்று போய்க்கொண்டிருந்த காலத்தில், இருக்கிற உடம்பைவிட மேலான உடம்பை மனிதன் செய்துகொள்ளப் பார்க்கிறானே, அதைப் பற்றிப் படிக்கிறேன் என்று போய் நின்றார் மருதாசலம். "ஏம்ப்பா, அதெல்லாம் அமெரிக்காக்காரன் கவலை," என்றார் வழிகாட்டி. "நம்மாளுக்குச் சோத்துக்கே வழியக் காணோம். நீ மின்சார மனுசனப் பத்தி எழுதப் போறயா?" அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை தலைக்குள்ளேயே பதில் சொல்லிவிட்டார், ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாக, வழிகாட்டி செத்துப்போன பிறகும் விடாமல். அய்யா, சோத்துக்கு வழி இல்லாதவன்தான் முதலில் உடம்பை மாற்றுகிறான், வேறெதை மாற்ற அவனிடம் என்ன இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் ஊசி போட்டுக்கொண்ட பையன்களோடு உட்கார்ந்திருந்தார். கருத்தரிப்பு மையங்களின் வரவேற்பறையில், பிறக்கப்போகிற பிள்ளை உயரமாக இருக்குமா என்று கேட்கிற தம்பதிகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பயிற்சி விடுதிகளில் தூக்கத்தைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்குகிற பிள்ளைகளோடு பேசினார். துறையில் அவருக்கு 'ஊசி வாத்தியார்' என்று பெயர் விழுந்தது. ஊசி வாத்தியார் வந்தாச்சு, கையக் காட்டுங்கப்பா என்பார்கள் ஆசிரியர் அறையில், அவரும் சிரிப்பார், சிரிப்பு முடிவதற்குள் முகம் வலிக்கும். இயற்கைக்கு விரோதம் என்று கூச்சல் போடுகிறவர்களோடு அவர் ஒருநாளும் சேர்ந்ததில்லை. எது இயற்கை, கண்ணாடி போட்டுக்கொள்வதா, செருப்புப் போட்டுக்கொள்வதா. இந்தப் பக்கத்தார் அவரை வியாபாரிகளின் ஆள் என்றார்கள், அந்தப் பக்கத்தார் முட்டுக்கட்டை என்றார்கள். அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்வி. இதை யார் கேட்டது? அந்த உடம்புக்குச் சொந்தக்காரர் கேட்டாரா, அந்த உடம்பிலிருந்து வேலை வாங்குகிறவர் கேட்டாரா? இதைத்தான் மாற்றி மாற்றி எழுதினார், ஒரு ஆயுசு முழுக்க. ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு பேராசிரியர் ஆனார், விமானம் ஏறினார், குளிர் நாடுகளில் கழுத்துப்பட்டையில் பெயர் தொங்க நின்றார். ஒரே கேள்விதானே, அதற்கு இவ்வளவா என்று சில நாள் தோன்றும். அந்தக் கேள்வியால் எங்கேயாவது ஒரு ஊசியாவது போடாமல் நின்றதா என்றும் தோன்றும். அப்படித் தோன்றும்போது எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

பட்டை அவர் கைக்கு வந்திருந்தது. மேசையைச் சுற்றிக் கைமாறி வந்திருக்கிறது, பக்கத்திலிருந்த காது மூக்கு தொண்டை டாக்டர் அதை நெற்றியில் வைத்துப் பார்த்து, "நமக்கு மேட்ச் ஆகுமுங்களா," என்று கண்ணடித்துவிட்டு நீட்டியிருந்தார். எடையே இல்லை. உள்பக்கம் பஞ்சுபோல மெத்தென்று இருந்தது, நெற்றி படும் இடத்தில் மட்டும் சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள், விரலில் பட்டால் ஜில்லென்றன. மனைவி பூங்கோதை இதைப் பார்த்தால் ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டு அவர் தலையில் மாட்டிவிடுவாள். உங்ககிட்டப் பேசறதும் செவுத்துகிட்டப் பேசறதும் ஒண்ணு, செவுரு அட்லீஸ்ட் நகராம இருக்கும் என்று காலையில்கூடச் சொன்னாள். எதற்குச் சொன்னாள்? கேஸ் சிலிண்டருக்கா, மின்சாரக் கட்டணத்துக்கா? அதுவும் நினைவில்லை. இப்படி நழுவுவது முன்பு அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது, யோசிக்கிறவன் என்று. ஐம்பதைத் தாண்டிய பிறகு அது வேறு மாதிரி பயமுறுத்துகிறது. அவருடைய அண்ணன் இப்படித்தான் ஆரம்பித்தார், பேச்சுக்கு நடுவில் ஜன்னலைப் பார்ப்பார், கேட்டால் ஒன்றுமில்லை என்பார், கடைசியில் ஜன்னல் மட்டும்தான் மிச்சம் இருந்தது. நழுவுவதற்கும் தொலைவதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? அந்த உலோகப் பொட்டுகளை அவர் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். இதில் இப்போது மின்சாரம் இருந்து, இதை மேசைக்கடியில் ரகசியமாக நெற்றியில் வைத்துக்கொண்டால், அந்த இரண்டாவது வாக்கியம் திரும்ப வந்துவிடுமா? வந்துவிட்டால் அதை வைத்தே இதை எதிர்க்கலாமே. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ஆசை இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார். ஆசை இருந்துவிட்டுப் போகட்டும். தனக்கு வேண்டுமென்றால் தானே கடைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் கழற்றி எறியலாம். அந்தப் பெண்கள் எங்கே கழற்றி எறிவார்கள், விடுதிக் கதவுக்கே சாவி வார்டனிடம் இருக்கிறது.

அந்த ஆலைக்கு அவர் போன மாதம் போயிருந்தார். குழு உறுப்பினர் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, போகக் கூடாது என்றும் இல்லை. இயந்திரங்களின் இரண்டு வரிசைகளுக்கு நடுவில் பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, பிறகு திரும்பி. நூல் அறுந்த இடத்தில் நின்று ஒட்டுவார்கள், மறுபடி நடப்பார்கள். புருவத்திலெல்லாம் பஞ்சு. சாப்பாட்டு இடைவேளையில், முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, முத்தரசி என்று பெயர், மேற்பார்வையாளர் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் நல்லாருக்கு சார் என்று சொல்லிவிட்டு, அவர் நகர்ந்ததும் தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள். "மெசினு அது பாட்டுக்கு ஓடும் சார். கையி அது பாட்டுக்கு ஒட்டும். நான் எங்கிட்டாவது போயிருவேன்." எங்கேம்மா போவே என்று கேட்டார், ஆராய்ச்சிக்காரனுக்கு வருகிற அந்த அரிப்போடு, பேனா மூடியைக் கழற்றியபடி. அவள் தட்டை உதறினாள், தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது. "அத எதுக்கு உங்ககிட்டச் சொல்லணும்? அதையும் எழுதிக்கிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?" பக்கத்திலிருந்தவள், "மாப்பிள்ள வீட்டுக்குப் போவா சார், வேற எங்க," என்றாள், ஒரே சிரிப்பு. முத்தரசி அவள் தோளில் ஈரக் கையால் அடித்தாள். மருதாசலம் பேனாவை மூடிவிட்டார். வேலையில் இத்தனை வருஷத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாக அவரிடம் சொல்ல மாட்டேன் என்று சொன்னதில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அது உறைத்தது. அந்தப் பிள்ளையின் கை ஆலைக்குப் போய்விட்டது, கால் போய்விட்டது, தூக்கம் போய்விட்டது, மாதவிலக்கைக்கூட வார்டனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் எங்கே போகிறாள் என்பது ஒன்றுதான் இன்னும் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது. பட்டை அதைத் தேடித்தான் வருகிறது.

ஆனால் விரல்கள்? நிரஞ்சன் இப்போது அதற்குத்தான் வந்திருந்தார். திரையில் மூளை போய், கட்டுப் போட்ட ஒரு கை வந்திருந்தது, முகம் இல்லாமல். "கவனம் சிதறும்போதுதான் சார் விபத்து. இது ட்ரீட்மென்ட் இல்லை, ஒரு சப்போர்ட் மாதிரி. ஒரு விரலையாவது காப்பாத்தினா நல்லதுதானே." நல்லதுதான். இதற்கு மருதாசலத்தின் முதல் வாக்கியத்தில் பதில் இல்லை. ஒரு பெண்ணின் பகல் கனவு பெரிதா, அவள் விரல் பெரிதா என்று யாராவது நேருக்கு நேர் கேட்டால் என்ன சொல்வாய் ஊசி வாத்தியாரே, உன் விரலா போகிறது? ஏ.சி. அறையில் உட்கார்ந்து அடுத்தவள் கனவைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறாய். இல்லை, இது சரியான கேள்வி இல்லை, இந்தக் கேள்வியை இந்த வடிவத்தில் யார் செய்தது என்று பார்க்க வேண்டும். ஒரு ஷிப்ட் முடிந்து ஆள் வராததால் அடுத்த ஷிப்டும் நிற்க வைக்கப்பட்ட பெண்ணின் விரல் அது, அவரே விசாரித்துவிட்டு வந்திருக்கிறார், அவள் கவனம் சிதறவில்லை, நின்றபடியே தூங்கிவிட்டாள். தூங்க விட்டிருந்தால் விரல் இருக்கும். தூக்கம் செலவு, பட்டை மலிவு. ஆ, இதுதான், இதுதான் அந்த இரண்டாவது வாக்கியம், ஆகவே அவர்களுக்குத் தேவை தூக்கம், அதைக் கொடுத்துப் பார்த்த பிறகு வாருங்கள். வந்துவிட்டது. அவருக்கு உடம்பெல்லாம் லேசானது. இனி காத்திருக்க வேண்டியதுதான். நிரஞ்சன் முடிக்கட்டும், டாக்டர்கள் தலையாட்டட்டும், கோப்பின் சத்தத்துக்கு முன்னால் கையைத் தூக்கிவிடலாம். அந்த லேசில், முதுகு தானாக நாற்காலியில் சாய்ந்தது. சாய்ந்தபடியே சடையப்பன் ஞாபகம் வந்தது.

சடையப்பன் போலீஸ் வேலைக்கு ஒரு நகக்கண் அளவு உயரம் குறைந்தவன். மருதாசலத்தின் முதல் களப்பணியில் கிடைத்த ஆள். ராத்திரி முழுக்கப் படுத்து எழுந்தால் மனிதன் சற்று நீண்டிருப்பான், நிற்க நிற்கக் குறுகிவிடுவான் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள், அது உண்மையும்கூட. ஆகவே தேர்வு நாளன்று அவன் எழுந்திருக்கவே இல்லை. படுத்த பாயோடு நாலு நண்பர்கள் அவனைத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள், மைதானம் வரை படுத்தபடியே போவது, அளவுகோலுக்குப் பக்கத்தில் இறக்கி நிறுத்துவது என்று ஏற்பாடு. வெயில் படக் கூடாது என்று மேலே வெள்ளை வேட்டி. மருதாசலமும் அந்த டெம்போவில் இருந்தார், கையில் டேப் ரெக்கார்டரோடு, சடையப்பனின் காலடியில். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள், துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்கள், சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கிக் கும்பிட்டார். வேட்டிக்கு உள்ளேயிருந்து சடையப்பன், "யாராச்சும் மாலை போட்டா வாங்கி வைங்கடா, செலக்சன் ஆனா ஆகும்," என்றான். டெம்போ குலுங்கியது, நண்பர்கள் சிரிப்பை அடக்கி அடக்கி அழுகிறவர்களைப்போலத் தோள் குலுங்கினார்கள், அதைப் பார்த்து ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைதானத்தில் அவனை நிறுத்தினார்கள். அளந்தார்கள். அப்போதும் குறைந்தது. அவன் அளவுகோலை ஏறிட்டுப் பார்த்தான், அதை ஏதோ தெரிந்த ஆளைப்போல. "சார், படுத்துக்கிட்டே ஏட்டு வேலை ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றான் மருதாசலத்திடம், கண்ணில் தண்ணீர் நிற்க. வரும்போது அவனை யாரும் படுக்க வைக்கவில்லை, அவன் டெம்போவின் பின்பக்கம் நின்றபடியே வந்தான், காற்றில் முடி பறக்க, எதிரில் வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டு. அந்த நிற்றலை அவர் எழுதவே முடிந்ததில்லை, எத்தனை தடவை முயன்றும் அது ஆய்வுக்குள் வரவில்லை, வண்டி மேட்டுப்பாளையம் சாலையில் திரும்பியது, புளிய மரங்களின் நிழல் அவன் முதுகில் விழுந்து விழுந்து

"ஒருமனதாக," என்றார் பத்மநாபன்.

"அடுத்தது சார், சர்க்கரை நோய் ஸ்டடி," என்றார் சுகந்தி.

கோப்பு மூடியிருந்தது. நிரஞ்சன் தன் பொருள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார், மருதாசலத்தின் முன்னாலிருந்த பட்டையை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டியபடி நின்றார். மருதாசலத்துக்கு முதலில் தோன்றியது, கேட்டிருக்கவே மாட்டார்கள் என்பது. பிறகு, கேட்டிருப்பார்கள் என்பது. பிறகு காது இரண்டும் சூடேறின. இந்த ஒரு விஷயத்துக்காக வந்து, இந்த ஒரு விஷயத்துக்காகக் குளித்து, இந்த ஒரு விஷயத்தின்போது டெம்போவில் போயிருக்கிறார். விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. அவர் பேசாமல் இருந்ததை யோசித்துச் சம்மதித்ததாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள், பெரிய மனிதர், கடைசி நேரத்தில் புரிந்துகொண்டார் என்று. வெட்கத்தை விழுங்கினால் போதும், போண்டா வரும், டீ வரும். விழுங்கப் பார்த்தார். இறங்கவில்லை. வெட்கம்தான் எல்லா ஊசிக்கும் முன்னால் போடுகிற ஊசி என்று அவரே எழுதியிருக்கிறார், அதற்குக் கைதட்டுக்கூட வாங்கியிருக்கிறார். பட்டையின் மேல் கையை வைத்தார்.

"ஒரு நிமிஷமுங்க," என்றார். "இந்தப் பட்டைக்கு ஆட்சேபணை கேட்டீங்களா?"

"கேட்டனே," என்றார் பத்மநாபன். "நீங்க பேசாமதான இருந்தீங்க."

"நான் கவனிக்கலைங்க."

நிரஞ்சன்தான் முதலில் சிரித்தார், மரியாதை குறையாமல். "அப்ப மொதப் பட்டைய சாருக்குத்தான் கட்டோணும் போல." காது மூக்கு தொண்டை டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். மருதாசலமும் சிரித்தார், ஆசிரியர் அறையில் சிரிப்பதுபோலவே, ஆனால் இந்த முறை முகம் வலிக்கவில்லை. எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாரோ அந்த இடத்திலேயே நிற்கலாம் என்று தெரிந்தது. அங்கே நிற்பதற்கு வேறு யாருக்கும் தகுதியும் இல்லை.

"எழுதிக்கங்க சுகந்தி," என்றார். "அது முடிவானப்ப நான் இங்க இல்லை. வக்கீல் வராத நாள்ல சமூக அறிவியல் ஆள் இல்லாமப்போனா கூட்டத்துக்கு வேண்டிய ஆள் கணக்கு குறையும். கணக்கு குறைஞ்சா தீர்மானம் செல்லாது. நீங்கதான எனக்கு விதிய அனுப்பி வெச்சீங்க."

"சார், இங்கதான இருந்தீங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்க, தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சீங்க."

"உடம்பு இருந்துச்சு."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றினார். பொறுமைசாலி, மருந்தியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், தூங்குகிற மாணவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவர். "மருதாசலம், வந்திருக்கோணும்னுதான் விதியில இருக்குது. மனசு எங்க இருக்குன்னு யாரு பாக்கறது? ஆளு நாற்காலில உக்காந்திருந்தா கணக்குல சேத்திதான்."

"உடம்பு இருந்தாப் போதுங்கறீங்க."

"ஆமா."

"அந்தப் புள்ளைக உடம்பும் மெசினு முன்னாடிதானுங்க நிக்குது. அவிகளுக்கு மட்டும் எதுக்கு மனசும் வேணும்கறீங்க?"

நிரஞ்சன் பையின் ஜிப்பை மூடினார், திரும்பத் திறந்தார். "அது வேற சார். அங்க வேலை நடக்குது. அறுந்தா நூல் போகும், விரல் போகும்."

"இங்க என்னங்க நடக்குது?"

பத்மநாபன் கோப்பைத் திரும்பத் திறந்தார். "சரிங்க. திரும்பக் கேக்கறேன், ஓட்டுக்கே விடறேன். நீங்க ஒருத்தரு வேண்டாம்பீங்க, மத்தவங்க சரிம்பாங்க. பாஸ் ஆயிரும். இதுக்கா இவ்வளவு?"

இதுவும் சரிதான். எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறார்கள், இத்தனை வருஷமாக எல்லோரும் அவரிடம் சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள். இரண்டாவது வாக்கியம் இப்போதும் இருக்கிறது, தூக்கத்தைப் பற்றியது, கையிலேயே இருக்கிறது. அதைச் சொன்னார். நிதானமாக, ஒரு சொல் விடாமல், தூக்கத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று. டாக்டர்கள் தலையாட்டினார்கள், மருந்தளவுக்கு ஆட்டுவதுபோலவே. ஆட்டி முடித்ததும் ஓட்டுக்குத் தயாரானார்கள். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "நான் போனப்பறம் கேளுங்க," என்றார்.

சுகந்தி எழுந்து பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார், அவர் மேல் உண்மையிலேயே பிரியம் உள்ளவர்தான். "சார், நீங்க போனா இன்னிக்கு நிக்கும். அடுத்த மாசம் உங்களுக்குப் பதிலா ஒருத்தரப் போடுவாங்க. அவரு பேசாம உக்காந்துக்குவாரு. பட்டை எப்படியும் வந்துருமுங்க சார். நாற்காலிதான் போகும்."

வரும். அது அவருக்குத் தெரியாதா? பட்டை வரும், முத்தரசிக்கு இல்லாவிட்டால் அவள் தங்கைக்கு வரும், அதற்கடுத்து நெற்றியே தேவைப்படாத ஒன்று வரும், அதற்கும் ஒரு மேசையும் ஒரு சமூக அறிவியல் நாற்காலியும் இருக்கும். ஒரு மாதத்துக்காகவா ஒரு ஆயுசின் நாற்காலியை விடுவது? ஒரு மாதம் என்றால் என்ன, அந்த வரிசைகளுக்கு நடுவில் அவள் ஒரு மாதம் தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ போய் வரலாம். யாருக்கும் சொல்லாமல். அது சின்னது இல்லை. சின்னதாகவே இருந்தாலும் அது அவருடைய கையில் இருக்கிறது, வேறெதுவும் இருந்ததில்லை.

"வரட்டும் சுகந்தி," என்றார். "என் தலைய எண்ணிட்டு வர வேண்டாம்."

கதவுப் பக்கம் நடந்தார். கைப்பிடியில் கை வைத்தபோது பின்னால் ஜெசிந்தா டீச்சரின் குரல் கேட்டது. இந்தக் குழுவில் அவர் சம்மதப் படிவத்தின் தமிழைத் திருத்துவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார்.

"தலைவர் சார், நானும் கவனிக்கலைங்க."

"டீச்சர், நீங்க திரையவே பாத்துட்டு இருந்தீங்களே."

"பாத்தனுங்க. மூளை சுத்துச்சு. நான் வீட்ல மோட்டார அணைச்சுட்டு வந்தனா இல்லையான்னு நெனச்சிட்டு இருந்தேன். தொட்டி நெரம்பி மாடிப்படி வழியா எறங்கியிருக்கும். கீழ்வீட்டுக்காரரு வேற கோவக்காரரு." கைப்பையின் வாரைத் தோளில் மாட்டினார். "பொய் சொல்லக் கூடாதுங்களே. பிள்ளைககிட்ட அவ்வளவு சொல்லிட்டு."

சுகந்தியின் விரல்கள் விசைகளின் மேல் அந்தரத்தில் நின்றன. காது மூக்கு தொண்டை டாக்டர் தொண்டையைச் செருமி, எதையோ சொல்ல வந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பத்மநாபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒருமுறை அவருடைய விரல் மேசையைத் தொட்டது. பாதியில் அது நின்றது. எதிரில் இருந்த டாக்டரின் கண்களை, இவர் இருக்கிறாரா இல்லையா என்று பார்ப்பவரைப்போல, சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தலையை அசைத்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.